ஒப்புக்குச் சப்பாணி

தை, மாசி மாதங்களில் வேலணைப் பக்கம் வந்தால் ஏதாவது ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்கும். இல்ல மெய்வல்லுநர் போட்டி. சுண்ணாம்புக் கோடுகள், இல்லக் கூடாரங்கள், அணிநடை, வினோத உடை, கடைசியில் பழைய மாணவர்களின் கயிறு இழுத்தல். எங்களில் பாதிப் பேர் அந்த வெயிலில் ஓடினவர்கள், மிச்சப் பேர் ஓடாமல் ஒளித்தவர்கள். ஒளித்தவர்களுக்கு ஒரு வசதி இருந்தது, கூடாரத்துக்குள் இருந்து எல்லாவற்றையும் வடிவாகப் பார்க்கலாம். அந்தப் பிள்ளையை அங்கேதான் கண்டோம். காலில் பெலன் இல்லாத, அல்லது பார்வை குறைந்த, அல்லது சொன்னதை விளங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கிற ஒரு பிள்ளை. இல்ல நிறத்தில் ரிபன் கட்டியிருக்கும். எல்லாருக்கும் கை தட்டும். பரிசளிப்பில் ஊக்கப் பரிசு என்று ஒன்றும் கிடைக்கும். ஆனால் அந்தப் பிள்ளையால் இல்லத்துக்கு ஒரு புள்ளி வந்ததை நாங்கள் ஒருநாளும் காணவில்லை.

ஒழுங்கையில் விளையாடின காலத்தில் இதற்கு எங்களிட்ட ஒரு பெயரே இருந்தது: ஒப்புக்குச் சப்பாணி. சின்னத் தம்பியைச் சேர்க்காமல் விளையாட அம்மா விடமாட்டா. சரியெண்டு சேர்ப்பம். அவன் அவுட் ஆனாலும் அவுட் இல்லை, ஓட்டம் எடுத்தாலும் கணக்கில் இல்லை. சப்பாணி என்றால் கால் ஏலாதவர் என்று பிறகுதான் யோசித்தோம். ஆட்டத்தில் நிற்கிறார், ஆனால் எண்ணப்படவில்லை. அதைச் சொல்ல மொழி எடுத்த உதாரணம் இதுதான். கூசாமல் எத்தனை வருசம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம்!

இந்தக் கட்டுரை வீடியோ கேம் பற்றியது. சோபாவில் சாய்ந்து பெருவிரலால் ஆடுகிற கேம் இல்லை, உடம்பை அசைத்தால்தான் நகருகிற கேம். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளை உடற்பயிற்சி செய்ய வைப்பதற்கு இருபது வருசத்துக்கு மேலாகப் பல நாடுகளில் பிசியோதெரபி செய்பவர்கள் இதைக் கையில் எடுத்திருக்கிறார்கள். அந்தக் கதையை நாங்கள் தேடிப் படித்ததற்குக் காரணம் அந்தக் கூடாரம்தான்.

முதலில் ஒரு பழைய கதை. ஏலாத உடம்புக்கும் விளையாட்டுக்கும் இடையிலான நவீன உறவு போரில் இருந்து தொடங்கியது. 1948 யூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கின அதே நாள், ஸ்ரோக் மண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற வைத்தியர், முதுகுத்தண்டு அடிபட்ட 16 முன்னாள் படையினரைச் சக்கர நாற்காலியில் இருத்தி வில்வித்தைப் போட்டி நடத்தினார். பரா ஒலிம்பிக்கின் வேர் அது. பிள்ளைகள் இந்தக் கதைக்குள் வர இருபது வருசம் பிடித்தது. அறிவு வளர்ச்சி குறைந்தவர்களுக்கான விசேட ஒலிம்பிக் 1968 யூலையில் சிக்காகோவில் தொடங்கியது. இலங்கையிலும் பெரும்பாலும் இதே வரிசைதான். நாட்டுக்குப் பரா ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்து பெயர் பெற்ற பிரதீப் சஞ்சயவும் (2012 லண்டன், வெண்கலம்) தினேஷ் பிரியந்த ஹேரத்தும் (ரோக்கியோ, ஈட்டி எறிதலில் தங்கம்) இராணுவத்தில் இருந்து வந்தவர்கள். அவர்களின் திறமையில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பிறக்கும்போதே கால் சூம்பிப் பிறந்த ஒரு பிள்ளைக்கு, அதுவும் தீவில் பிறந்த பிள்ளைக்கு, மைதானத்துக்குப் போகிற வழியை யாரும் அந்த வேகத்தில் போடவில்லை. இரத்மலானையில் செவிப்புலன், விழிப்புலன் இழந்தோர் பள்ளி 1912இல் வந்தது. கைதடி நவீல்ட் பள்ளி 1956இல். கோண்டாவில் சிவபூமி 2004இல். யாழ்ப்பாணத்தில் இருக்கிற இரண்டும் எங்களுக்குப் பண்ணைப் பாலத்துக்கு அங்கால.

இனி மிதி சைக்கிளுக்கு வருவோம். அசைந்து ஆடுகிற வீடியோ கேமின் தொடக்கத்தில் ஒரு சைக்கிள் நிற்கிறது. 1982இல் அட்டாரி நிறுவனம் 'பஃபர்' என்று ஒரு திட்டம் வைத்திருந்தது. உடற்பயிற்சிச் சைக்கிளில் ஏறி மிதித்தால் திரையில் கேம் ஓடும். அது கடைக்கு வர முதலே அட்டாரி விழுந்துவிட்டது.

அட்டாரியால் விற்க முடியாத அந்தச் சாமானை, பத்து வருசத்துக்குள் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு செய்தார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? 1990இல் போர் திரும்பத் தொடங்கியதும் குடாநாட்டில் கரண்ட் போனது. பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். 1990, 91இல் தீவுப்பகுதி இராணுவத்தின் கைக்குப் போக, வேலணைச் சனத்தில் பெரும்பகுதி குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்து அகதி முகாமிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் இருந்தது. செய்தி கேட்கவேணும், பாட்டுக் கேட்கவேணும். என்ன வழி? சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றினார்கள். சில்லோடு உரசுகிற டைனமோ ஆறு வோல்ட் தரும். நாலு பற்றரி போடுகிற ரேடியோவுக்கு அது கணக்கு. வேகம் குறைந்தால் ரேப்பில் பாட்டு இழுக்கும். உடனே எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள்: "டேய், சுத்தடா!"

எங்களில் ஒருத்தரின் மாமாவுக்குச் சின்ன வயதில் போலியோ. ஒரு கால் சூம்பிப்போனது. கிளித்தட்டில் அவரை ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். ஆனால் இரவில் பிபிசி தமிழோசை போடுகிற நேரம் எல்லாரும் தேடுவது அவரைத்தான். ஊன்றுகோல் பிடித்துப் பிடித்துத் தோளும் கையும் இறுகி இருந்தவர், அரை மணித்தியாலம் நிறுத்தாமல் சுற்றுவாராம். "நான் சுத்தினா ஆனந்தி அக்கான்ர குரல் ஒரு இடத்திலயும் உடையாது" என்று இப்பவும் பெருமையாகச் சொல்லுவார். அவருக்கு யாரும் உடற்பயிற்சி செய் என்று சொன்னதில்லை. சுற்றினார், சத்தம் வந்தது, பத்துப் பேர் காத்திருந்தார்கள். கை ஓய்ந்தால் குரல் ஓயும். அதைவிட நேர்மையான புள்ளி முறை இருக்கா?

இப்ப கடலைத் தாண்டுவோம். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிற்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில், சக்கர நாற்காலிகளை ஆராய்கிற ஒரு ஆய்வுகூடத்தில் 'கேம் சைக்கிள்' என்று ஒன்றைச் செய்தார்கள். கையால் சுற்றுகிற மிதி, அதோடு இணைத்த ஒரு வீடியோ கேம் பெட்டி. சுற்றினால் திரையில் கார் வேகமெடுக்கும், பிடியை இடம் வலமாகச் சாய்த்தால் கார் திரும்பும். சக்கர நாற்காலியில் இருக்கிற ஆளுக்கு இதயம் அடிக்க அடிக்கச் செய்யக்கூடிய பயிற்சி குறைவு. கால் ஓடாது, கை சுற்றும். ஆனால் வெறும் மிதியை அரை மணித்தியாலம் சுற்றச் சொன்னால் எந்தப் பெடியன் சுற்றுவான்? கலிபோர்னியாவில் முதுகுத்தண்டுப் பாதிப்பு உள்ள 8 பதின்ம வயதினரின் வீடுகளுக்கு இதைக் கொடுத்து 16 கிழமை பார்த்தார்கள். பெரும்பாலானோருக்குக் கைகளால் செய்யக்கூடிய வேலையின் அளவு கூடியது. 2006இல் அந்த ஆய்வு வெளிவந்தது. எட்டுப் பேர் மட்டும்தான், பெரிதாகத் தூக்கிப் பிடிக்க ஏலாது. ஆனாலும் அதை வாசித்தபோது எங்களுக்கு மாமாதான் ஞாபகம் வந்தார்.

அதே 2006 நவம்பரில் நிண்டெண்டோ 'வீ' என்ற பெட்டியை விற்பனைக்கு விட்டது. கையில் ஒரு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு மட்டையை வீசுவதுபோல் வீசினால், திரையில் பந்து பறக்கும். அமெரிக்காவில் சனம் இரவிரவாகக் கடைவாசலில் வரிசையில் நின்றது. அந்த நேரம் குடாநாட்டிலும் சனம் வரிசையில் நின்றது, சீனிக்கும் மாவுக்கும். ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டிருந்தது. அல்லைப்பிட்டி, மண்கும்பான் சனம் திரும்பவும் வீட்டை விட்டு வெளிக்கிட்டிருந்தது. 'வீ' உலகம் முழுக்கப் பத்துக் கோடிக்கு மேல் விற்றது. எங்களில் ஒருத்தர் வீட்டுக்கு ஒன்று வந்தது சண்டை முடிந்து கனகாலத்துக்குப் பிறகு, கனடாச் சித்தப்பாவின் சூட்கேசில். அந்த ஊர் மின்சாரம் 120 வோல்ட், எங்கட 230. செருகின உடனேயே அடப்டர் புகைந்து செத்துப்போனது. தீவுப்பகுதியில் நாங்கள் கண்ட அசைவு வீடியோ கேமின் வரலாறு அவ்வளவுதான்.

வெளியில் அது வேறு இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 2008இல் அமெரிக்காவில் யூடித் டொய்ச் என்பவரின் குழு, பெருமூளை வாதம் உள்ள 13 வயதுப் பெடியன் ஒருவனோடு 11 தடவை 'வீ' விளையாடி, அவன் நிற்கிற விதத்திலும் நடக்கிற விதத்திலும் முன்னேற்றம் கண்டதை எழுதினார்கள். ஒரே ஒரு பிள்ளை பற்றிய கட்டுரை அது. கடையில் வாங்குகிற சாமான் ஒன்று மருத்துவமனை வேலையைக் கொஞ்சம் செய்கிறது என்பதுதான் அதில் புதினம். அதற்கு முதல் இந்த மாதிரிக் கருவிகள் ஆய்வுகூடத்துக்குள் மட்டும் இருந்தன, விலையும் அப்படி.

ஆனால் இந்தப் பெட்டிகளைச் செய்தவர்கள் மனதில் இருந்தது ஒரேயொரு உடம்பு: இரண்டு காலில் நிற்கிற உடம்பு. 2007இல் 'வீ ஃபிட்' என்ற கேம் ஒரு பலகையோடு வந்தது. ஏறி நின்று சாய்ந்தால் ஆட்டம் நகரும். நிற்க ஏலாத பிள்ளை? சக்கர நாற்காலி அந்தப் பலகையில் ஏறவே ஏறாது. அலபாமாவில் யேம்ஸ் ரிம்மர் என்பவரின் குழு அகலமான மேடையும் சரிவுப்பாதையும் சேர்த்து, சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய பலகையைத் தாங்களே செய்யவேண்டி வந்தது. 2010இல் மைக்ரோசொஃப்டின் 'கினெக்ட்' கமெரா வந்தது. கையில் ஒன்றும் பிடிக்கத் தேவையில்லை, முன்னுக்கு நின்று அசைந்தால் போதும். 60 நாளில் 80 இலட்சம் விற்று உலக சாதனை. அது மனிதரை 20 மூட்டுக்களாகப் பார்த்தது. நாற்காலியில் இருக்கிறவரின் காலையும் நாற்காலியையும் பிரித்தறிய அது சிரமப்பட்டது. இருந்தபடியே ஆடுகிறவர்களுக்காக மேலுடம்பின் 10 மூட்டுக்களை மட்டும் பார்க்கிற வசதி 2012 மே மாதம்தான், அதுவும் கணினிக்கான மென்பொருளில் வந்தது. 2017இல் கினெக்ட் தயாரிப்பையே நிறுத்தினார்கள். அதை நம்பிப் பயிற்சிகளை அமைத்த சிகிச்சை நிலையங்கள் பிறகு என்ன செய்யும்? கடைச் சாமானின் ஆயுள் கடைக்காரன் கையில்.

இந்த வரலாற்றில் எங்களுக்கு மிகப் பிடித்த துண்டு இன்னும் பழையது. 1986இல் யப்பானில் பண்டாய் நிறுவனம் ஒரு பாயைச் செய்தது. 1988இல் அது அமெரிக்காவுக்கு 'பவர் பாட்' என்ற பெயரில் போனது. நிலத்தில் விரித்து, அதன் வட்டங்களில் ஓடினால் திரையில் உள்ள ஆள் ஓடுவான். அமெரிக்காவில் அதோடு வந்த கேம் எது தெரியுமா? மெய்வல்லுநர் போட்டி! 100 மீற்றர் ஓட்டம், தடைதாண்டல், நீளம் பாய்தல், முப்பாய்தல். வாங்கின பிள்ளைகள் ஒரு கிழமைக்குள் அளாப்பக் கண்டுபிடித்துவிட்டார்கள். முழங்காலில் இருந்து இரண்டு கையாலும் பாயில் படபடவென்று தட்டினால், திரையில் உள்ளவன் மின்னல் மாதிரி ஓடுவான். பாய் காலையும் கையையும் பிரித்துப் பார்க்காது.

அளாப்பி என்று நாங்கள் திட்டுவோமே, அதே வேலை. ஆனால் யோசித்துப் பாருங்கள். நிற்க ஏலாத ஒரு பிள்ளை அந்தப் பாயில் கையால் தட்டி 100 மீற்றர் ஓடினால், அது அளாப்பலா? மூச்சு வாங்கும், வியர்க்கும், வெல்லவும் செய்யும். சக்கர நாற்காலிக்கான பலகையும், இருந்த நிலைக் கமெராவும், கேம் சைக்கிளும் அந்த அளாப்பலின் தம்பிமார்தான். விதியைக் கொஞ்சம் வளைத்தவுடன் ஒரு பிள்ளை உள்ளுக்கு வந்துவிடுகிறது.

பார்வை இல்லாத பிள்ளைகளுக்கு நடந்ததும் இப்படித்தான். 2010இல் நெவாடா பல்கலைக்கழகத்தில் எல்கே ஃபொல்மர் என்பவரின் குழு 'வீ'யின் ரெனிஸ் ஆட்டத்தை எடுத்துத் திரையைக் கழற்றி எறிந்தது. பந்து வருகிறதைச் சத்தமும் ரிமோட்டின் அதிர்வும் சொல்லும், நேரம் பார்த்து வீசவேணும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளின் விளையாட்டு முகாம் ஒன்றில் அதை ஆட விட்டார்கள். வீடியோ கேமில் வீடியோ இல்லாமலே ஆட்டம் நடந்தது!

சரி, உண்மையாகவே பயிற்சி நடக்கிறதா, அல்லது சும்மா சிரிச்சு விளையாடுகிறார்களா? இதற்கு நல்ல பதில் எங்கட தீவாரில் கனபேர் வாழுகிற ரொறன்ரோவில் இருந்து வந்தது. அங்குள்ள புளூர்வியூ என்ற பிள்ளைகள் மறுவாழ்வு மருத்துவமனையில், பெருமூளை வாதம் உள்ள 17 பிள்ளைகள் நாலு கேம் விளையாடும்போது உடம்பு எவ்வளவு சக்தி செலவழிக்கிறது என்று அளந்தார்கள். 2012இல் முடிவு வந்தது. நடன ஆட்டமும் குத்துச்சண்டையும் நடுத்தர அளவு பயிற்சி தந்தன. ரெனிஸும் பந்துருட்டலும் இலேசான அசைவு மட்டும். ஏலுமான கையால் மணிக்கட்டை ஆட்டியே வெல்லப் பழகிவிட்டால், பயிற்சி தேவைப்படுகிற மற்றக் கை சும்மா தொங்கும். எந்த அளாப்பல் பிள்ளையை உள்ளே கொண்டுவருகிறது, எந்த அளாப்பல் உடம்பைச் சோம்பலாக்குகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க ஒரு ஆள் வேணும். ஆகவே பெட்டியை வாங்கி வைத்தால் பிசியோ தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளையும் முதல்முறையாகச் சேர்த்து, ஒரு நாளைக்குச் சராசரி 60 நிமிடம் நல்ல அசைவு வேணும் என்றது. எந்தக் கேமும் ஒவ்வொரு நாளும் 60 நிமிடம் புதினமாக இருக்காது. இரண்டு கிழமையில் அலுக்கும். எங்களுக்கே அலுக்குதே.

கனடாவிலேயே, கிங்ஸ்ரனில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகம் அடுத்த அடியை வைத்தது. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளையே கூட இருத்தி, அவர்கள் சொன்னதைக் கேட்டு 'லிபெரி' என்ற கேமைச் செய்தார்கள். திரும்பவும் சைக்கிள்! சாய்ந்திருந்து மிதிக்கிற சைக்கிள். அவரவர் வீட்டில் மிதித்துக்கொண்டு இணையத்தில் ஒருவரோடு ஒருவர் ஆடலாம். கால் பெலன் ஒரே மாதிரி இல்லாத இரண்டு பேர் எப்படிப் போட்டி போடுவது? எவ்வளவு வேகமாக மிதித்தால் ஆட்டத்தில் முழு வேகம் என்ற அளவை ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் உடம்புக்கு ஏற்றபடி வைத்தார்கள். நோஞ்சானும் பலசாலியும் தங்கள் தங்கள் எல்லை வரை மிதித்தால்தான் வெற்றி. சொந்தக்காரப் பெடியன் அலுத்துப்போய் விட்டுத்தருகிற வெற்றி இல்லை அது. ஒப்புக்குச் சப்பாணி என்ற ஆளே அந்த ஆட்டத்தில் கிடையாது.

அப்படியொரு விதி எங்களிடம் இல்லாமலும் இல்லை. வயல்வெளிக் கிரிக்கெட்டில் கால் நொந்தவனுக்கு ஓட ஆள் விடுவோம். சர்வதேசக் கிரிக்கெட் 2011இல் அதை நிறுத்தினாலும் எங்கட வயலில் இன்னும் நிறுத்தவில்லை. கெந்திப் பிடிக்கிற ஆட்டத்தில் பிடிக்கிறவருக்கு ஒரு கால்தான், எவ்வளவு பெரிய ஓட்டக்காரன் என்றாலும். விதியை வளைக்க எங்களுக்குத் தெரியும். ஒலிபெருக்கி கட்டி, விருந்தினரை அழைத்து, புள்ளிப் பலகை வைக்கிற நாளில் மட்டும் அது மறந்துபோகிறது.

நயினாதீவில் ஒரு பிள்ளைக்குப் பயிற்சி தேவை என்று வையுங்கள். குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு பஸ், புங்குடுதீவுப் பாலம், வேலணை, பண்ணைப் பாலம், யாழ்ப்பாணம். காலமை வெளிக்கிட்ட தாய் வீட்டுக்கு வரப் பின்னேரம். அங்கே காட்டித் தந்த பயிற்சியை வீட்டில் ஒவ்வொரு நாளும் செய்விக்க வேண்டியதும் தாய்தான். "இன்னும் பத்துத் தரம்" என்று சொல்லிச் சொல்லித் தாய் பொலிஸ்காரி ஆகிவிடுகிறா, பிள்ளை அழுகிறது. கேம் தேவைப்படுகிறது இந்த இடத்தில்தான். இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சாசனத்தின் 30ஆம் உறுப்புரை, பள்ளிக்கூடத்துக்குள் நடக்கிற விளையாட்டுகள் உட்பட மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக விளையாட வழிசெய்யவேணும் என்கிறது. 2025 செப்ரெம்பரில் மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். வரட்டும், நாங்களும் போய்ப் பார்ப்போம். எங்கட பிரதேச செயலகப் பிரிவுக்குள்ளேயே வருகிற மைதானம். அந்தக் கூடாரத்துப் பிள்ளைக்கும் அங்கே பார்வையாளர் இருக்கை ஒன்று கிடைக்கும்.

கேம் சைக்கிள் வாங்க எங்களிடம் காசில்லை. கினெக்ட் இப்ப பழைய சாமான் கடையில்தான். ஆனால் கவிழ்த்து வைத்த சைக்கிள், ஒரு டைனமோ, சுற்றுகிற வேகத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றாக எரிகிற சின்ன பல்ப் வரிசை. இதை எங்களில் எலெக்ரோனிக்ஸ் படிக்கிற இரண்டு பேர் செய்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைக்குப் பிள்ளை எத்தனை பல்ப் எரிந்தால் முழுப் புள்ளி என்பதை ஒரு பிசியோ சொல்லித் தரவேணும், அதையும் கேட்டிருக்கிறோம். வருகிற தையில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடம் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி இடம் தந்தால், மெய்வல்லுநர் போட்டியில் 'கைமிதி' என்று ஒரு நிகழ்ச்சி. ஊக்கப் பரிசு வேண்டாம். முதலாம் இடத்துக்கு எத்தனையோ, அத்தனை புள்ளி இல்லத்துக்கு.

முதல் வேலையாக மாமாவிடம் அந்தச் சைக்கிளைக் கேட்டோம். "அது கோடிக்குள்ள கிடக்கு, சில்லு சுத்தும். டைனமோவைத்தான் எவனோ கழட்டிக்கொண்டு போட்டான்" என்றார். பிறகு, செய்து முடித்தால் முதலில் சுற்றிப் பார்க்கிறது தான்தான் என்றும் சொல்லிவிட்டார்.